குப்பைக்கும் விலை உண்டு: இரு நாட்டுக் கதை

சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். இன்று நாம் மறுசுழற்சி என்று பெரிய பெயர் சூட்டியிருப்பதும் அதைத்தான். மாணவச் செல்வங்களே, இப்பழக்கம் தமிழ்நாட்டிலும் நம் மலேசியாவிலும் வளர்ந்த விதத்தைச் சற்று ஒப்பிட்டுப் பார்ப்போம்.

தமிழ்நாட்டில் முன்பு தெருத் தெருவாகப் பேரீச்சம்பழ வியாபாரி வருவார். ஓட்டைக் குண்டான், துருப்பிடித்த இரும்பு, பழைய ஈயம், பித்தளை எதைக் கொடுத்தாலும் பழம் கிடைக்கும். அச்சாமான்கள் காயலான் கடைக்குப் போய், அங்கிருந்து உருக்கும் பட்டறைக்குப் போகும்.

இங்கே தோட்டத்தில் நம் பாட்டிமார் மரத்து வெட்டில் காய்ந்து ஒட்டிய பாலையும், மங்கில் கட்டியான பாலையும் விட்டுவைக்கவில்லை. உரித்தெடுத்து நிறுவைக்குக் கொண்டு போனார்கள். அதற்கும் காசு உண்டு. மண்ணெண்ணெய் டின் தண்ணீர் வாளியானது. பால் டின்னில் கயிறு கட்டிக் கடையிலிருந்து காப்பி வாங்கி வந்தார்கள். பட்டணத்திலே 'பேப்பர் லாமா' என்று கூவிக்கொண்டு லோரி வந்தது.

இரண்டு நாட்டிலும் இதற்குச் சட்டம் தேவைப்படவில்லை. பொருளுக்கு விலை இருந்தது. எனவே அது திரும்பிப் போனது. நெகிழிப் பை வந்தபின் கணக்கு மாறிவிட்டது. சும்மா கொடுத்தாலும் அதை யாரும் வாங்கமாட்டாங்க! ஆகவே அரசாங்கம் தலையிட வேண்டியதாயிற்று.

மலேசியாவில் 1993ல் மறுசுழற்சி இயக்கம் தொடங்கி, 2000ல் மீண்டும் முடுக்கிவிடப்பட்டது. தாளுக்கு நீலம், கண்ணாடிக்குப் பழுப்பு, நெகிழிக்கும் அலுமினியத்துக்கும் ஆரஞ்சு எனத் தொட்டிகள் வந்தன. 2007ல் திடக்கழிவுச் சட்டம் இயற்றப்பட்டது. 2015 செப்டம்பர் 1 முதல் கோலாலம்பூர், புத்ராஜெயா, மேலும் ஆறு மாநிலங்களில் வீட்டிலேயே குப்பையைப் பிரிப்பது கட்டாயமானது. அப்பட்டியலில் சிலாங்கூர் இல்லாததால் காஜாங் வீடுகளுக்கு அக்கட்டாயம் வரவில்லை. எனினும் சிலாங்கூர் 2010ல் சனிக்கிழமைகளில் இலவச நெகிழிப் பையை நிறுத்தியது; 2017ல் எல்லா நாளும் பைக்கு 20 சென் வாங்கத் தொடங்கியது. நாட்டின் மறுசுழற்சி அளவு 2012ல் ஏறக்குறைய 10 விழுக்காடு. 2023ல் 35 விழுக்காட்டைத் தாண்டியது.

தமிழ்நாடு வேறு வழியில் சென்றது. 2019 சனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகை நெகிழிப் பொருள்களுக்குத் தடை விதித்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் துணிப்பையை மறுபடி கைக்குக் கொண்டு வந்தது. மதுரை தியாகராசர் பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் கழிவு நெகிழியைக் கலந்து தார்ச்சாலை போடும் முறையைக் கண்டார். அதற்காக 2018ல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

வழி வேறானாலும் ஓர் உண்மை பொது. சோற்றுக் குழம்போடு கலந்த தாளை எந்த நாட்டிலும் எடைக்கு எடுக்கமாட்டார்கள். நாம் பிரிக்காததை வேறொருவர் கைதான் பிரிக்கிறது. உடைந்த கண்ணாடி கிழிப்பதும் அந்தக் கையைத்தான். சட்டம் வரட்டும் என்று காத்திருக்கலாமா? ஒட்டிய பாலை உரித்தெடுத்த பாட்டிமாரின் பேரப்பிள்ளைகள் அல்லவா நாம்! இன்று பரிசு வாங்கும் பிள்ளைகள், பரிசு சுற்றிய தாளை நீலத் தொட்டியில் போட்டுத் தொடங்கட்டும்.