வீட்டு மொழியும் வாக்குச்சீட்டு மொழியும்: குவீன்ஸை முன்வைத்து

நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் பாதிப்பேருக்கு மேல் வீட்டில் ஆங்கிலமல்லாத மொழி பேசுகிறார்கள். அமெரிக்கக் கணக்கெடுப்புப் பணியகம் இதை அறிய 5 வயது நிரம்பியோரைப் பற்றி மூன்று கேள்விகள் கேட்கிறது: வீட்டில் வேறு மொழி பேசுவதுண்டா, எந்த மொழி, ஆங்கிலம் எவ்வளவு நன்றாகப் பேச வரும். 1980 முதல் கேள்விகளின் அமைப்பு மாறவில்லை. கடைசிக் கேள்விக்கு 'மிக நன்றாக' என்பதைவிடக் குறைந்த எந்த விடை வந்தாலும் ஆங்கிலத் திறன் போதாதவர் என்றே கணக்கு.

இந்த அளவுகோலில் குறை காண்பது எளிது. வீட்டில் ஒருவரே எல்லோருக்குமாகப் படிவம் நிரப்பலாம். அவர் ஆங்கிலம் தெரிந்த பிள்ளையாகவும் இருக்கலாம். பேச்சைத்தான் கேட்கிறார்கள், வாசிப்பை அல்ல. ஆனாலும் இது பெரிய பிழையன்று என்பதே என் கருத்து. தன்னடக்கமும் தற்பெருமையும் ஓரளவு ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும்.

உண்மையான சிக்கல் அடுத்த படியில் இருக்கிறது. வாக்குரிமைச் சட்டத்தில் 1975இல் சேர்ந்த 203ஆம் பிரிவின்படி, ஒரு மாவட்டத்தில் வாக்களிக்கும் வயதுக் குடிமக்களில் ஆங்கிலம் போதாத ஒரு சிறுபான்மைக் குழுவினர் 10,000 பேருக்கு மேலோ 5 விழுக்காட்டுக்கு மேலோ இருந்து, அவர்களிடையே எழுத்தறிவின்மையும் தேசிய அளவைவிட மிகுந்திருந்தால், அவர்கள் மொழியிலும் தேர்தல் ஆவணங்கள் தரப்பட வேண்டும். ஆசிய அமெரிக்கரைப் பொறுத்தவரை இந்தக் 'குழு' மொழியால் அன்றி, இனக் கேள்விக்கான விடையால் வகுக்கப்படுகிறது. 2011இல் இப்பிரிவின்கீழ் குவீன்ஸுக்கு வந்த அறிவிப்பில் இருந்தது 'ஆசிய இந்தியர்' என்ற சொல்தான். அப்படியொரு மொழி ஏது? தேர்தல் அதிகாரிகள் வங்காளத்தைத் தேர்ந்தார்கள். ஆனால் ஒரு வழக்குக்குப் பிறகே, 2013இல் அது வாக்குச்சீட்டில் ஏறியது.

விந்தை என்னவென்றால், குவீன்ஸில் வங்காளம் பேசுவோரில் பெரும்பகுதியினர் வங்கதேசத்தவர்; இனப் பட்டியலில் அவர்களுக்குத் தனிப் பெயர் உண்டு. அதே குவீன்ஸின் ரிச்மண்ட் ஹில்லிலோ, கல்கத்தா, சென்னைத் துறைமுகங்களிலிருந்து கயானாவின் கரும்புத் தோட்டங்களுக்குப் போனவர்களின் வழிவந்தோர் வாழ்கிறார்கள். அவர்கள் வீட்டுமொழி கரீபிய ஆங்கிலம். அவர்களில் ஒருவர் தம்மை ஆசிய இந்தியர் என்று குறித்தால், குஜராத்தி மட்டுமே அறிந்த மூதாட்டியும் அவரும் ஒரே குழு.

வங்காளச் சீட்டு தேவையற்றதென்று சொல்ல வரவில்லை. அது போய்ச் சேர வேண்டியவர்களைச் சேர்ந்தது. ஆனால் கணக்கு காட்டிய வழியில் அல்ல, அப்பகுதியை அறிந்தவர்களின் தெளிவால். அந்தத் தெளிவைத் தற்செயலுக்கு விட வேண்டியதில்லை. 2016 முதல் பணியகத்தின் விரிவான மொழி அட்டவணையில் தமிழ், தெலுங்கு, வங்காளம், பஞ்சாபி எல்லாம் தனித்தனியே, ஆங்கிலத் திறனோடு சேர்த்தே தரப்படுகின்றன. இனத்தை இடையில் நிறுத்தாமல் அந்தத் தரவிலிருந்தே மொழியைத் தீர்மானிக்கலாம். அதற்குச் சட்டத்தின் வரையறை மாற வேண்டும்: அமெரிக்கப் பழங்குடியினர், அலாஸ்கா பூர்வகுடிகள், ஆசியர், ஸ்பானிய மரபினர் என்ற நான்கு பிரிவுகளே இன்றும் அதில் உள்ளன. அரபு, ஹெய்தி கிரியோல் பேசுவோர் எத்தனை ஆயிரம் பேர் இருந்தாலும் இந்தப் பிரிவு அவர்களுக்குப் பொருந்தாது.