படுத்திருக்கும் புட்டி

எங்கள் வீட்டில் மது நுழைந்ததில்லை. ஆகவே மதுப் புட்டிகளை அடுக்கும் அலமாரியைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும், என் மனைவி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்களுக்கு வேறு விஷயமே அகப்படவில்லையா?" என்றாள்.

குற்றம் என்னுடையதல்ல, ஒரு பழைய ஆங்கில நாவலுடையது. அதில் வரும் எஜமானர், விருந்துக்கு இன்ன நம்பர் 'பின்'னிலிருந்து ஒயின் கொண்டுவரச் சொல்கிறார். 'பின்' என்றால் குப்பைத் தொட்டி என்று மட்டுமே அறிந்திருந்த நான் திகைத்துப் போனேன். தேடிப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. நிலவறைச் சுவரோரம் செங்கல்லால் தடுத்துக் கட்டிய அறைகளுக்குத்தான் அந்தப் பெயர். அவற்றில் புட்டிகளைப் படுக்க வைத்து அடுக்குவார்கள். அடையாளத்துக்குப் பீங்கான் வில்லை ஒன்று தொங்கும்.

ஏன் படுக்க வைக்க வேண்டும்? நம் வீட்டு நல்லெண்ணெய்ப் புட்டி நிமிர்ந்துதானே நிற்கிறது?

காரணம் தக்கை. அது ஒருவகை ஓக் மரத்தின் பட்டை. காய்ந்தால் சுருங்கும், சுருங்கினால் காற்று புகும், காற்று புகுந்தால் ஒயின் கெடும். புட்டி படுத்திருந்தால் தக்கை நனைந்தபடியே இருக்கும்.

ஆனால் புட்டிகள் ஆதியிலிருந்தே படுத்துக்கொள்ளக் கற்றிருக்கவில்லை. ஒயின் பீப்பாயில்தான் வாழ்ந்தது. 1615-இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ், கப்பல் கட்ட மரம் வேண்டும் என்ற கவலையில், கண்ணாடி உலைகளில் விறகு எரிக்கக் கூடாதென்று ஆணையிட்டார். உலைக்காரர்கள் நிலக்கரிக்கு மாறினார்கள். வெப்பம் கூடியது, கனத்த, கறுத்த, உறுதியான புட்டி பிறந்தது. அதுவும் முதலில் வெங்காயம்போல வயிறு பருத்துத்தான் இருந்தது. 1740-களை ஒட்டித்தான் உடம்பு நேராகி, ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க இடம் கொடுத்தது. மன்னர் கப்பலை நினைத்தார். கடைசியில் மாறியது நிலவறை!

அதற்குப் பிறகு ஒயினைப் பல ஆண்டுகள் புட்டியிலேயே முதிர விட முடிந்தது. மகன் பிறந்ததும் 'போர்ட்' ஒயினை வாங்கிப் படுக்க வைத்து, அவனுடைய 21-ஆம் பிறந்தநாளில் திறக்கும் வழக்கம் ஆங்கிலேயரிடையே உண்டாயிற்று. பேரனுக்காகத் தென்னங்கன்று நடும் நம் தாத்தாக்களின் மனசுதான் அது என்று எனக்குத் தோன்றியது.

இந்த மனசோடு இன்னொரு நிலவறையை எட்டிப் பார்த்தேன். அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில், குன்றின்மேல் நிற்கும் மொண்டிசெல்லோ மாளிகை. வீட்டுக்காரர் தாமஸ் ஜெபர்ஸன். எல்லா மனிதரும் சமம் என்று 1776-இல் சுதந்திரப் பிரகடனம் எழுதியவர். பிரான்ஸில் தூதராக இருந்தபோது, 1787-இல் திராட்சைத் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்து ஒயினில் தேர்ந்தவர். அவருடைய சாப்பாட்டு அறைக்கு நேர் கீழே ஒயின் அறை. கணப்பின் பக்கவாட்டில் ஒரு சிறு கதவு; அதைத் திறந்தால் கீழிருந்து புட்டி தானே ஏறி வந்து நிற்கும். விருந்தினர் வியந்தார்கள்.

புட்டி தானே ஏறுமா? கீழே நின்று அதை ஏற்றி அனுப்பியவர் ஓர் அடிமை. புட்டி தெரிய வேண்டும். கை தெரியக் கூடாது. எவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு!

அந்த மேஜைக்குச் சமைத்தவள் ஈடித் பாஸெட் என்ற அடிமைப் பெண். அவள் கணவன் ஜோஸப், கொல்லன். 1826-இல் ஜெபர்ஸன் கடனாளியாக இறந்தார். உயில் ஜோஸப்புக்கு விடுதலை தந்தது. மனைவி மக்களுக்குத் தரவில்லை. 1827 ஜனவரியில் மாளிகைச் சாமான்களோடு 130 மனிதர்களும் ஏலத்துக்கு வந்தார்கள். ஈடித்தும் விலைபோனாள். பீட்டர் என்ற பதினொரு வயது மகனும் விலைபோனான். ஒயினை வருங்காலத்துக்காகப் பத்திரப்படுத்தத் தெரிந்த வீடு, பிள்ளையைத் தாயிடம் பத்திரமாக விட்டுவைக்கவில்லை.

இன்று வீட்டில் ஒயின் வைப்பவர்களுக்கு நிலவறை தேவையில்லை. மரச்சட்டமோ இரும்புச்சட்டமோ, புட்டி உருளாமல் படுத்தால் போதும். வெயிலும் அடுப்பும் எட்டக் கூடாது; குளிர்சாதனப் பெட்டியின் தலைமேல் வைத்தால் சூடும் அதிர்வும் சேர்ந்து கெடுக்கும். சுமார் 13 டிகிரி செல்சியஸ் உத்தமம். திருகு மூடி போட்ட புட்டி நின்றாலும் குறையில்லை.

இவ்வளவையும் மனைவியிடம் படித்துக் காட்டினேன். அலமாரி விவரத்தை அவள் காதில் போட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை.

"அந்தப் பிள்ளை என்ன ஆனான்?" என்று கேட்டாள்.

"1850-இல்தான் விடுதலை கிடைத்தது. பிறகு சின்சினாட்டியில் பாதிரியார் ஆனார். 1900-இல், 85 வயதில், மொண்டிசெல்லோவைப் பார்க்கத் திரும்பி வந்தார்" என்றேன்.

சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அதை முதலில் எழுதியிருக்கலாமே" என்றாள்.