தம்ளரில் கலங்கிய தண்ணீர்

சில ஆண்டுகளுக்கு முன் பொத்தேரியில் எங்கள் வீட்டுக்கு ஒரு விற்பனையாளர் வந்தார். மேசைமீது இரண்டு கண்ணாடித் தம்ளர்களை வைத்தார். ஒன்றில் எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர். மற்றதில் அவர் கொண்டுவந்த 'சுத்தமான' தண்ணீர். உலோகக் கம்பிகள் பொருத்திய ஒரு கருவியை இரண்டிலும் வைத்து மின்சாரத்தைச் செலுத்தினார். சிறிது நேரத்தில் எங்கள் தண்ணீர் பழுப்பாகிக் கசடு மிதந்தது. அவருடைய தண்ணீர் அப்படியே இருந்தது. "இதைத்தானே குழந்தைக்குக் கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டார். இயற்பியல் கற்பிக்கும் எனக்கே ஒரு கணம் வயிறு கலங்கியது.

அந்தக் கலக்கம் எப்படி ஒரு வியாபாரமாயிற்று? சற்றுப் பின்னோக்கிப் பார்ப்போம்.

அச்சம் பொய்யன்று

தண்ணீரைக் கண்டு அஞ்சுவதில் நியாயம் உண்டு. காலரா நீரின் வழியே பரவுகிறது என்பதற்கு 1854இல் இலண்டனில் மருத்துவர் ஜான் ஸ்நோ சான்று காட்டினார். சென்னையில் 1772இலேயே ஏழுகிணறு நீரேற்றத் திட்டம் தொடங்கியது. 1872இல் செங்குன்றம் ஏரியின் நீர் நகருக்கு வந்தது. 1914இல் கீழ்ப்பாக்கத்தில், பொறியாளர் மேட்லியின் திட்டப்படி, மணல் வடிகட்டிகள் அமைந்தன. அச்சத்துக்கு அன்று கிடைத்த விடை, ஊருக்கெல்லாம் பொதுவான குழாய்.

அக்குழாய் எல்லா ஊருக்கும் எட்டவில்லை. எட்டிய இடத்திலும் எப்போதும் தண்ணீர் வரவில்லை. அந்த இடைவெளியில்தான் வியாபாரம் நுழைந்தது. 1965இல் பம்பாயில் பிஸ்லெரி புட்டித் தண்ணீர் விற்பனைக்கு வந்தது. அன்று அதை வாங்கியவர்கள் வசதி படைத்த சிலரே. பின்னர் நகரங்கள் பெருகின, ஏரிகள் சுருங்கின. தண்ணீரைக் காசு கொடுத்து வாங்குவது வழக்கமாகிவிட்டது. 2001இல் அடைக்கப்பட்ட குடிநீருக்குத் தர முத்திரை கட்டாயமாக்கப்பட்டது. 2003இல் தில்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம், கடைகளில் விற்ற புட்டித் தண்ணீரிலேயே பூச்சிக்கொல்லி எச்சங்கள் இருப்பதாக அறிவித்தது. குழாய்க்கு அஞ்சிப் புட்டிக்கு ஓடியவர்களுக்கு அது அதிர்ச்சியாக இருந்தது. விலை கொடுத்தால் மட்டும் தூய்மை வந்துவிடாது அல்லவா?

2019 கோடையில் சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வந்து சேர்ந்தது. தனியார் லாரித் தண்ணீரின் விலை ஏறியது. கேன் தண்ணீருக்கும் தட்டுப்பாடு. லாரிகளில் வந்த நீரோ புறநகர்க் கிராமங்களின் கிணறுகளிலும் ஆழ்குழாய்களிலும் இறைத்த நீர். ஓர் ஊரின் நெருக்கடி இன்னோர் ஊரின் நிலத்தடி நீரை விலைப்பொருளாக்கியது.

நல்ல கருவி, தவறான விளக்கம்

விற்பனையாளர் விற்க வந்த கருவியைப் பழிக்க வேண்டாம். அதன் அடிப்படை 'எதிர்ச் சவ்வூடு பரவல்'. உப்புநீரை அழுத்தி மெல்லிய சவ்வின் வழியே செலுத்தினால், நீர் கடந்துவிடும், உப்பு பின்தங்கும். இதற்கு ஏற்ற சவ்வை 1959-60இல் கலிபோர்னியாவில் சிட்னி லோப் என்பவரும் இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜனும் உருவாக்கினர். கிணறு உவர்த்துப்போன ஊருக்கு அது வரம். உப்பு குறைந்த நீருக்கோ பெரும்பாலும் தேவையில்லை. வீட்டுக் கருவிகள் பலவற்றில் ஒரு லிட்டர் நல்ல நீருக்கு இரண்டு மூன்று லிட்டர் கழிவாகிச் சாக்கடைக்குப் போகிறது என்பதையும் மறக்கக் கூடாது.

சரி, தம்ளரில் நடந்தது என்ன? மின்னாற்பகுப்பு! குழாய் நீரில் கால்சியம், மக்னீசியம், சோடியம் முதலிய உப்புகள் கரைந்துள்ளன. அவற்றின் அயனிகள் மின்சாரத்தைக் கடத்துகின்றன. அப்போது நேர்மின்வாயாக உள்ள இரும்புக் கம்பி கரைகிறது. கரைந்த இரும்பு நீருடனும் ஆக்சிஜனுடனும் சேர்ந்து பழுப்புக் கசடாகிறது. அழுக்கு தண்ணீரிலிருந்து வரவில்லை, கம்பியிலிருந்தே வந்தது! சுத்திகரித்த நீரில் உப்பு மிகக் குறைவு, மின்சாரம் பாயவில்லை, கம்பியும் கரையவில்லை.

நான் சமையலறையிலிருந்து ஒரு சிட்டிகை உப்பை எடுத்துவந்து அவருடைய தெளிந்த தம்ளரில் போட்டேன். "இப்போது மின்சாரத்தைச் செலுத்துங்கள்" என்றேன். அந்த நீரும் பழுப்பாயிற்று. விற்பனையாளர் இளைஞர்; தமக்குச் சொல்லிக் கொடுத்ததைத்தான் செய்தார். "எனக்கே இது தெரியாது, சார்" என்றார்.

நீங்களும் ஆசிரியர் உதவியுடன் இதைச் செய்து பார்க்கலாம். 9 வோல்ட் மின்கலமும் இரண்டு இரும்பு ஆணிகளும் போதும். வீட்டு மின்சாரத்தில் ஒருபோதும் செய்யாதீர்கள், உயிருக்கு ஆபத்து.

எதை அளக்கிறது?

கரைந்த திண்மங்களைக் காட்டும் சிறு மீட்டரும் நீரின் மின்கடத்தும் திறனையே அளக்கிறது. இந்தியத் தர நிர்ணயப்படி அத்திண்மங்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கவை. காலராக் கிருமி இருக்கிறதா என்பதை அந்த மீட்டர் சொல்லாது. அதற்கு ஆய்வுக்கூடச் சோதனை வேண்டும். கிருமியைக் கொல்ல, நன்றாகக் கொதிக்க வைத்தாலே போதும்.

ஆகவே, அடுத்த முறை ஒருவர் உங்களை அச்சுறுத்தும் சோதனை ஒன்றைக் காட்டினால், "இது எதை அளக்கிறது?" என்று கேளுங்கள். அச்சத்தில் ஆளுக்கொரு கருவி வாங்கிவிட்டால், பொதுக்குழாயைப் பற்றிக் கேட்பவர் குறைந்துவிடுவர். கருவி வாங்க முடியாதவர் வீட்டுக்கும் அந்தக் குழாய்தான் தண்ணீர் கொண்டு வர வேண்டும்.