செலுத்திய மண்ணுக்குத் திரும்ப வேண்டிய பணம்: தருமபுரி மாவட்டத்தில் உட்கட்டமைப்புக் கட்டணங்கள்

தருமபுரியிலிருந்து சேலம் செல்லும் சாலையோரம், ராகியும் கடலையும் விளைந்த காடுகளில் இன்று வண்ணம் பூசிய மனைக்கற்கள் நிற்கின்றன. முகப்பில் ஒரு வளைவு, உள்ளே புதுத் தார்ச்சாலை, பலகையில் ‘டி.டி.சி.பி. அப்ரூவல்’, அதாவது நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அனுமதி. மனை பார்க்க வருபவர் முதலில் அந்த அப்ரூவலைக் கேட்கிறார். அடுத்து, ‘ஒகேனக்கல் தண்ணி வருமா?’ என்கிறார். முதல் கேள்விக்கு எண்ணும் தேதியும் இட்ட ஆணை உண்டு. இரண்டாவதற்கு வாய்ச்சொல்லே பதில். இந்த இரண்டையும் இணைக்க வேண்டியது உட்கட்டமைப்புக் கட்டணம். அதை வசூலிக்கும் விதிகள் இறுக்கமாகவும், வசூலித்ததைச் செலவிடும் விதிகள் தளர்வாகவும் இருக்கின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 59ஆம் பிரிவில் வளர்ச்சிக் கட்டணத்தை விதிக்கிறது. பெரிய கட்டடங்களால் சாலைக்கும் குடிநீருக்கும் கழிவுநீருக்கும் கூடும் சுமைக்காகப் பின்னர் சேர்க்கப்பட்ட 63-பி பிரிவு, 2008ஆம் ஆண்டு விதிகளின்படி உட்கட்டமைப்பு, வசதிகள் கட்டணத்தைக் கேட்கிறது. மனைப்பிரிவு 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலை நீங்கலான பரப்பில் பத்து விழுக்காட்டைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தரவேண்டும். 10,000 சதுர மீட்டர் வரை, நிலம் தர இயலாதபோது வழிகாட்டி மதிப்பைப் பணமாகக் கட்டலாம். கேட்புக் கடிதம் வரும், பணம் கட்டப்படும், அதன் பிறகே அனுமதி. அனுமதி வேண்டும் என்பதால் கட்டுநர் பணம் கட்டுகிறார். இதில் நிர்வாகம் வென்றிருக்கிறது.

ஆனால் அனுமதியே கேளாதவரிடம் இந்தப் பிடி செல்லாது. அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப் பதிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடுத்தது. அடுத்த ஆண்டு வந்த வரன்முறை விதிகள், 20.10.2016க்கு முன் உருவான பிரிவுகளுக்கு வழி திறந்தன. மனைகளை விற்றுவிட்டு மனைப்பிரிவாளர் போயிருந்த இடங்களில், வளர்ச்சிக் கட்டணமும் வரன்முறைக் கட்டணமும் வாங்கியவர் தலையில் விழுந்தன. நிலத்தைக் கூறுபோட்டு லாபம் கண்டவர் கட்டவேண்டியதை, சீட்டுப் பணத்தில் மனை வாங்கியவர் கட்டினார்.

கட்டணத்துக்கும் வரிக்கும் உள்ள வேறுபாட்டை உச்ச நீதிமன்றம் 1954இல், சென்னை மாகாணத்து அறநிலையச் சட்டம் பற்றிய சிரூர் மடம் வழக்கில் வகுத்தது. சேவைக்கு ஈடாகப் பெற்று, அதற்கெனத் தனியே வைப்பது கட்டணம். பொதுக் கருவூலத்தில் கரைவது வரி. ஈடு எள்ளளவும் பிசகாமல் இருக்க வேண்டியதில்லை என்று பிந்தைய தீர்ப்புகள் தளர்த்தின. நம் உட்கட்டமைப்புக் கட்டணம் தனி நிதியில் சேர்வதால் சட்டத்தின் சோதனையில் தேறிவிடும். ஆனால் அது மாநில அளவிலான நிதி. எந்த ஊரின் சுமைக்காகப் பெறப்பட்டதோ அந்த ஊருக்கு அதில் உறுதியான பங்கு இல்லை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பெரிய கட்டடங்கள் சென்னையிலும் கோவையிலும் குவிகின்றன. பொது நிதி இருந்தால்தான் தருமபுரி போன்ற மாவட்டம் பயன்பெறும் என்பார்கள். இதை ஏற்கிறேன். எளியவரிடம் கட்டணம் தளர்த்தப்படுவதையும் ஏற்கிறேன். 2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டம், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்கு இக்கட்டணத்திலிருந்தே விலக்கு அளித்தது. எளியவருக்கு அது நியாயமான சலுகை. ஆனால் பகிர்வும் சலுகையும் நல்லவை என்பதால் கணக்கு வேண்டாம் என்றாகிவிடாது. இங்கிலாந்தில், 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த சமுதாய உட்கட்டமைப்புத் தீர்வையில் 15 விழுக்காடு, அண்டைப்பகுதித் திட்டம் வகுத்திருந்தால் 25 விழுக்காடு, அந்தந்த ஊர் மன்றத்துக்கே போகிறது. எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்று ஆண்டுதோறும் அறிக்கையும் வெளியிட வேண்டும்.

தருமபுரிக்கு இது ஏட்டுப் பிரச்சினை அல்ல. நிலத்தடி நீரின் புளோரைடால் பற்கள் பழுப்பேறிய தலைமுறைகளைக் கண்ட மண் இது. அதனால்தான் ஜப்பானியக் கடனுதவியுடன், 1,928.80 கோடி ரூபாய் மதிப்பில் தொடங்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஒவ்வொரு புது மனைப்பிரிவும் அந்தக் குழாயில் இன்னொரு வாயைத் திறக்கிறது. குழாயை நீட்டும் செலவு, திறந்தவரிடமிருந்து அந்த இடத்துக்கே வரவேண்டும்.

எனவே இரண்டு திருத்தங்கள் வேண்டும். கட்டணத்தில் ஒரு பங்கைச் சட்டமே வசூலான உள்ளாட்சிக்கு ஒதுக்க வேண்டும். எந்தச் சர்வே எண்ணிலிருந்து எவ்வளவு வந்தது, எந்தத் தெருக் குழாய்க்குப் போனது என்ற கணக்கைக் கிராம சபையில் படிக்க வேண்டும். அப்போது, மனை வாங்க வருபவரின் இரண்டாவது கேள்விக்கும் எண்ணும் தேதியும் இட்ட பதில் இருக்கும்.