முகவரின் உரிமம்



நம்மிடம் ஓதிச் சென்ற மாணவர் ஒருவர் இப்போது அமெரிக்காவில் குடும்பத்துடன் வசிக்கிறார். வீடு, கடை முதலிய சொத்துகளுக்கான காப்பீட்டை விற்கும் முகவர் உரிமத்திற்காகத் தேர்வுக்குப் படித்து வருகிறார். (அங்கே முகவரைப் 'புரொட்யூசர்' என்கின்றனர், திரைப்படத் தயாரிப்பாளர் என்று எண்ணிவிட வேண்டாம்.) அவர் இரண்டு கேள்விகள் அனுப்பியிருந்தார். ஒரே நாட்டில் மாநிலத்திற்கு மாநிலம் காப்பீட்டுச் சட்டம் ஏன் வேறுபடுகிறது? இத்தொழிலில் கிடைக்கும் கமிஷன் ஹலாலா?

முதற் கேள்விக்கு விடை தேடினால் அது ஒரு தீ விபத்தில் போய் நிற்கிறது. 1835 டிசம்பரில் நியூயார்க் நகரின் வணிகப் பகுதி எரிந்தது. கடுங்குளிரில் தீயணைப்புக் குழாய்களில் நீர் உறைந்துபோனது. நூற்றுக்கணக்கான கட்டடங்கள் சாம்பலாயின. அந்நகரில் இருந்த 26 தீக் காப்பீட்டு நிறுவனங்களில் 23 திவாலாயின. தவறாது பிரீமியம் கட்டியவர்களும் வெறுங்கையுடன் நின்றனர். இதன்பின் 1837 இல் மாசசூசெட்ஸ் மாநிலம், காப்பீட்டு நிறுவனங்கள் போதிய இருப்புத் தொகை வைத்திருக்க வேண்டுமெனச் சட்டமியற்றியது. 1851 இல் நியூ ஹாம்ப்ஷயர், இவற்றைக் கண்காணிக்கவென்றே ஆணையர்களை நியமித்தது.

அடுத்து வருவது ஒரு முகவரின் வழக்கு. சாமுவேல் பால் என்பவர் வர்ஜீனியாவின் பீட்டர்ஸ்பர்க் நகரில், நியூயார்க் தீக் காப்பீட்டு நிறுவனங்களின் முகவராயிருந்தார். வெளிமாநில நிறுவனங்கள் தம் மாநிலக் கருவூலத்தில் பத்திரங்களை ஈடாக வைத்தால்தான் முகவருக்கு உரிமம் என்று வர்ஜீனியா 1866 இல் சட்டமியற்றியிருந்தது. ஈடு வைக்கப்படவில்லை; உரிமம் மறுக்கப்பட்டது. அவரோ உரிமமின்றியே ஒரு பாலிசியை விற்றார். அபராதம் 50 டாலர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. காப்பீட்டுப் பத்திரம் வழங்குவது மாநிலங்களுக்கிடையிலான வணிகமன்று, அதை ஒழுங்குபடுத்துவது மாநிலங்களின் அதிகாரமே என்று 1869 இல் தீர்ப்பாயிற்று. 1944 இல் அதே நீதிமன்றம் இக்கருத்தை மாற்றியது. ஆனால் மறு ஆண்டே நாடாளுமன்றம் மெக்காரன்–ஃபெர்குசன் சட்டத்தால் அதிகாரத்தை மாநிலங்களிடமே விட்டுவிட்டது. நம் மாணவர் மனனம் செய்யும் மாநிலச் சட்டப் பகுதி இப்படித்தான் உருவானது.

அந்தப் பாடநூலில் எம்மை நிறுத்திய இடம் ஒன்றுண்டு. தனக்கு இழப்பு நேராத பொருளின்மீது ஒருவர் காப்பீடு எடுக்க முடியாது என்கிறது அது. ஊரார் வீடு எரிந்தால் தனக்குப் பணம் என்பது சூதாட்டமே. 1746 இல் இங்கிலாந்து கப்பல் காப்பீட்டில் இக்காரணத்தைச் சொல்லியே இதைத் தடுத்தது. மைஸிர் பற்றிய கவலை மார்க்க அறிஞர்களுக்கு மட்டும் உரியதன்று.

நியூயார்க் எரிந்த அதே காலத்தில் டமாஸ்கஸில் ஹனஃபி மேதை இப்னு ஆபிதீன் (ரஹ்) வாழ்ந்தார்கள். மறு ஆண்டு, 1836 இல் வஃபாத்தானார்கள். தம் 'ரத்துல் முஹ்தார்' நூலில் 'ஸூகரா' எனும் கடல் காப்பீட்டை விவரிக்கிறார்கள். ஐரோப்பிய நிறுவனத்தாரின் முகவர் ஒருவர் சுல்தானின் அனுமதியுடன் நம் துறைமுகத்தில் தங்கி, வணிகர்களிடம் தொகை வாங்குகிறார். சரக்கு மூழ்கினாலோ எரிந்தாலோ இழப்பீடு கொடுக்கிறார். அனுமதி பெற்ற முகவர்தான். ஆயினும் அப்பணத்தை வணிகர் பெறுவது ஆகுமானதன்று என்பதே இமாமின் முடிவு. ஒருவர்மீது கடமையாகாத பொறுப்பை ஒப்பந்தத்தால் சுமத்துவதாக அதைக் கண்டார்கள். உரிமம் ஒரு விஷயம், ஹலால் வேறொரு விஷயம் என்பதை இவ்வளவு தெளிவாக வேறெங்கும் நாம் படித்ததில்லை.

பின்வந்தோரில் முஸ்தஃபா அஸ்ஸர்கா (ரஹ்) போன்றோர் காப்பீட்டை அனுமதித்தனர். ஆனால் 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹு அகாடமி, வணிகக் காப்பீட்டில் பெரும் ஃகரர் இருப்பதால் அது ஹராம் என்றும், நன்கொடை அடிப்படையிலான கூட்டுறவுக் காப்பீடே மாற்று என்றும் தீர்மானித்தது. பெரும்பாலோர் கருத்தும் அதுவே.

ஃபத்வா கொடுக்கும் தகுதி நமக்கில்லை. தாம் விற்கப்போகும் பாலிசியின் மாதிரியுடன் அங்குள்ள முஃப்தியை நேரில் சந்திக்குமாறு மாணவருக்கு எழுதினோம். ஒன்றை மட்டும் சேர்த்தோம். வீடு வாங்க நிதி தருவோர் அங்கே காப்பீட்டைக் கட்டாயமாக்குகின்றனர். எனவே வாங்குபவர் நிர்ப்பந்தம் என்று சொல்ல இடமுண்டு. விற்பவர் அவ்வாறு சொல்ல முடியுமா என்பதையும் மறைக்காமல் கேளுங்கள் என்றோம். தேர்வுத் தேதியைத் தள்ளிவைத்திருப்பதாகப் பதில் வந்தது.

வல்லாஹு அஃலம்.