குருவிகளும் மரமும்: தொழுகையில் மனசு பற்றி இமாம் கஸ்ஸாலி

தக்பீர் கட்டி நின்ன அடுத்த நிமிஷமே மனசு ஆபீஸ் வேலைக்கோ வாட்ஸப்புக்கோ போயிடுது. இது செல்போன் காலத்து வியாதின்னு நாம நினைக்கிறோம். ஆனா 900 வருஷத்துக்கு முன்னாடியே ஒருத்தர் இதைப் பத்தி விரிவா எழுதி வெச்சிருக்கார். அவர்தான் இமாம் கஸ்ஸாலி.

1058-ல், இன்றைய ஈரானில் இருக்கும் தூஸ் பகுதியில் பிறந்தவர். 1091-ல் செல்ஜூக் அமைச்சர் நிஜாமுல் முல்க் அவரை பாக்தாத் நிஜாமிய்யா மதரஸாவின் பேராசிரியராக நியமித்தார். வயசு முப்பத்திச் சொச்சம்தான். 300 மாணவர்கள், அரசவையில் மரியாதை, ஊரெல்லாம் பேர்.

1095-ல் எல்லாம் நின்னு போச்சு. பாடம் நடத்த வாய் திறந்தா வார்த்தை வரல. சாப்பாடு இறங்கல. இது மனசுல ஆரம்பிச்ச நோய், எங்க மருந்து வேலை செய்யாதுன்னு மருத்துவர்கள் கைவிரிச்சுட்டாங்க. பின்னாளில் எழுதிய தன்வரலாற்றில் காரணத்தை அவரே சொல்றார்: கற்பிச்சது மார்க்கக் கல்வி, ஆனா அதுக்குப் பின்னாடி இருந்த நோக்கம் புகழ்.

அந்த வருஷமே பதவியை விட்டார். மக்கா போறேன்னு ஊருக்குச் சொல்லிட்டு, டமாஸ்கஸ் போய் உமய்யா பள்ளிவாசல் மினாராவில் தனிமையில் இருந்தார். பிறகு ஜெருசலேம், ஹஜ். இந்தப் பயண வருஷங்களில் உருவானதுதான் 40 பகுதிகள் கொண்ட ‘இஹ்யா உலூமித்தீன்’. அதில் ஒரு பகுதி முழுக்கத் தொழுகையின் உட்பொருள் பற்றியது.

ருகூவு, சுஜூது எல்லாம் சரியா இருந்தா சட்டப்படி தொழுகை கூடிடும். கஸ்ஸாலி இதை மறுக்கல, அவரே பெரிய சட்ட அறிஞர். ஆனா சட்டம் வெளியில தெரியறதை வெச்சுத்தான் தீர்ப்பு சொல்ல முடியும், உள்ள நடக்கறது வேற கணக்குங்கறார். தொழுகைக்கு உயிர் தர்ற ஆறு விஷயங்களைப் பட்டியல் போடுறார்: மனசு அங்கேயே இருப்பது, ஓதுறதோட பொருள் புரிவது, கண்ணியம், அச்சம், நம்பிக்கை, வெட்கம்.

சரி, கவனம் சிதறுதே, என்ன பண்றது? வெளிக் காரணங்களுக்கு எளிய வழி சொல்றார். சுவர் பக்கத்துல நில்லுங்க, பார்வையைத் தாழ்த்துங்க, அலங்காரம் நிறைஞ்ச இடத்தைத் தவிருங்க. உள்காரணத்துக்கு ஒரு உவமை. மரத்தடியில உக்கார்ந்து யோசிக்கிறவரைக் குருவிச் சத்தம் கெடுக்குது. குச்சியால விரட்டுறார், திரும்ப வருது. நிம்மதி வேணும்னா மரத்தையே வெட்டணும். மரம்னா நம்ம ஆசைகள், குருவிங்க அதுல வந்து உக்கார்ற எண்ணங்கள்.

நம்ம மொழியில சொன்னா, நோட்டிஃபிகேஷனை ம்யூட் பண்றது குருவி விரட்டுற வேலை. ஏன் அதுக்காக மனசு காத்துக்கிட்டே இருக்குன்னு கேட்கறதுதான் மரத்துக்கிட்ட போறது. பாக்தாத்துல தன்னோட மரத்தை வெட்டினவர் சொன்னதால இதுக்கு ஒரு கனம் இருக்கு.

இதைக் கேட்டுட்டு, ‘மனசு நிக்கலையே, அப்புறம் எதுக்குத் தொழணும்’னு யாரும் முடிவு பண்ணிடாதீங்க. கவனமில்லாம தொழறவரும் தொழுகையையே விட்டவரும் ஒண்ணாக மாட்டாங்கன்னு நம்பலாம்னும் கஸ்ஸாலி எழுதியிருக்கார். 1106-ல் நிஷாபூரில் மறுபடி கற்பிக்க வந்தார். 1111-ல் தூஸில் காலமானார்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.