ஆரணியில் உட்கார்ந்து கடல் வரையலாமா? டிஜிட்டல் கார்டு கேமுக்குப் படம் போட ஒரு கைடு!

ஆரணியில் ஏதாவது ஒரு தறி வீட்டுக்குள் போய் "அட்டை எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள். தறிக்கு மேலே கையைக் காட்டுவார்கள். ஜக்கார்டு பெட்டியிலிருந்து ஓட்டை போட்ட அட்டைகள் ஒன்றோடு ஒன்று கோத்துத் தொங்கிக்கொண்டிருக்கும். அதே கேள்வியை மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் ஒரு மீனவரிடம் கேட்டால், அவர் மனதில் வருவது கடல் அட்டை. கடலின் அடியில் மெதுவாக நகரும் அந்த ஜீவன். உங்கள் வீட்டுத் தம்பியிடம் கேட்டால், போனை நீட்டி கேமில் இருக்கும் கார்டைக் காட்டுவான்.

இந்த மூன்று அட்டையும் ஒரே மேஜைக்கு வரும் இடம் ஒன்று இருக்கிறது. கடலை வைத்து ஒரு டிஜிட்டல் கார்டு கேம். அதற்குச் சொந்தமாகப் படம் வரைவது எப்படி என்பதுதான் விஷயம். உங்களுக்கு ஓரளவு வரைய வரும், கையில் போனோ சுமாரான டேப்லெட்டோ இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். கடல் பக்கத்தில் இல்லையே என்ற கவலை வேண்டாம். கமண்டல நாகநதிக் கரையில் இருந்துகொண்டும் செய்யலாம்.

தாத்தா செய்ததும் பிக்ஸல் ஆர்ட்தான்

நெசவு வீட்டுப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு அட்வான்டேஜ் உண்டு. புட்டாவோ, பார்டரில் ஓடும் அன்னமோ, முதலில் கிராஃப் தாளில்தான் பிறக்கிறது. நெடுக்கே ஓடும் ஒவ்வொரு வரிசையும் பாவு இழையைத் தூக்கும் ஒரு கொக்கிக்கு. குறுக்கே ஓடும் ஒவ்வொரு வரிசையும் ஒரு ஊடை இழைக்கு. கட்டத்தை நிரப்பினால் அட்டையில் ஓட்டை. ஓட்டை இருந்தால் கொக்கி தூக்கும். தூக்கினால் அங்கே ஜரிகை தெரியும். ஒரு ஊடைக்கு ஒரு அட்டை. 240 கொக்கி இருக்கிற பெட்டி என்றால், உங்கள் படத்தின் அகலம் 240 கட்டம். அவ்வளவுதான் இடம். அதற்குள் மயில் கழுத்தும் வளைய வேண்டும், தோகையும் விரிய வேண்டும்.

ஜோசஃப் மரி ஜக்கார்டு 1804-ல் பிரான்ஸின் லியோனில் கொண்டுவந்த அந்த ஓட்டை அட்டை முறைதான், பின்னாளில் கம்ப்யூட்டர்களுக்குத் தகவல் ஊட்டிய பஞ்ச் கார்டுக்கும் முன்னோடி. இன்றைக்குப் பல டிசைனர்கள் கிராஃப் தாளை விட்டுவிட்டு கம்ப்யூட்டரில்தான் கட்டம் நிரப்புகிறார்கள். எலெக்ட்ரானிக் ஜக்கார்டு வந்த இடங்களில் அட்டையே கிடையாது. ஆனால், 'இருப்பது இத்தனை கட்டம்தான்; இதற்குள் அன்னம் அன்னமாகத் தெரிய வேண்டும்' என்ற அந்தக் கணக்கு மாறவில்லை. கார்டு கேமுக்கும் அதே கணக்குதான் வேண்டும்.

ஏன்? போனை நிமிர்த்திப் பிடித்தால் திரையின் அகலம் பெரும்பாலும் 1080 பிக்ஸல். கையில் 5 கார்டு வரிசையாக இருந்தால், ஒரு கார்டுக்குக் கிடைப்பது சுமார் 200 பிக்ஸல். நீங்கள் மூன்று நாள் உட்கார்ந்து செதில் செதிலாக வரைந்த மீன், விளையாடுபவர் கண்ணுக்கு ஒரு கட்டைவிரல் அகலத்தில்தான் தெரியும். அதனால் ஆரம்பத்திலேயே இரண்டு அளவு வைத்துக்கொள்ளுங்கள். வரைவது 1500-க்கு 2100 பிக்ஸலில். இது சீட்டுக்கட்டின் 5-க்கு 7 விகிதம், நாளைக்கு அச்சடிக்க வேண்டுமென்றாலும் உதவும். சோதிப்பது 200 பிக்ஸலில். ஒவ்வொரு மணி நேரமும் படத்தைச் சுருக்கிப் பாருங்கள். மீனை முழுக்கக் கறுப்பாக நிரப்பி, வெறும் நிழல் மட்டும் வைத்தாலும் 'இது திருக்கை, இது கணவாய்' என்று சொல்ல முடிகிறதா? முடியாவிட்டால் வண்ணம் தீட்டி அதைக் காப்பாற்ற முடியாது.

எல்லாம் நீலம் ஆகிவிடும் ஆபத்து

கடல் என்றதும் கை நீலத்துக்குப் போகும். 40 கார்டும் நீலம் என்றால் விளையாடுபவருக்குத் தலை சுற்றும். இதற்கு வழியைக் கடலே வைத்திருக்கிறது.

தண்ணீருக்குள் போகப் போக முதலில் காணாமல் போவது சிவப்பு. சுமார் 10 மீட்டர் ஆழத்துக்குள்ளேயே பெரும்பகுதி போய்விடும். பிறகு ஆரஞ்சு, மஞ்சள். நீலம்தான் கடைசி வரை இறங்கும். அதனால்தான் ஆழ்கடலில் பல உயிர்கள் சிவப்பாக இருக்கின்றன. அங்கே சிவப்பு வெளிச்சமே இல்லாததால் அவை கறுப்பாகத்தான் தெரியும், செம மறைவு! வெளிச்சம் தாராளமாக இருப்பது மேலே 200 மீட்டர் வரை. அதிலிருந்து 1000 மீட்டர் வரை அந்திநேர இருட்டு. அதற்குக் கீழே கும்மிருட்டு.

இதையே உங்கள் கேமின் நிற விதியாக ஆக்குங்கள். மேல்மட்டக் கார்டுகளுக்கு மணல் மஞ்சள், பவளச் சிவப்பு, பச்சை. நடுமட்டத்துக்கு மங்கிய நீலம். அடிமட்டத்துக்குக் கறுப்புப் பின்னணியில் தானாக ஒளிரும் புள்ளிகள். கார்டைப் பார்த்த நொடியில் அது எந்த ஆழம் என்று தெரிந்துவிடும். கூடவே ஒவ்வொரு வகைக்கும் ஒரு சின்னம் வையுங்கள்: அலை, சங்கு, நங்கூரம் மாதிரி. சிவப்பு, பச்சை வித்தியாசம் தெரியாதவர்களும் விளையாடுவார்கள் இல்லையா?

சின்னம் வைப்பது நம் நாட்டுச் சீட்டுக்குப் புதிதல்ல. கஞ்சிஃபா என்ற வட்டச் சீட்டு கேள்விப்பட்டிருக்கிறீர்களா? பாபர் 1527-ல் ஒருவருக்கு அனுப்பியதாகத் தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். அது இங்கே ஊறி, தசாவதாரக் கஞ்சிஃபாவாக மாறியது. 10 அவதாரம், ஒவ்வொன்றுக்கும் 12 சீட்டு, மொத்தம் 120. மச்ச அவதாரத்தின் சீட்டுகளில் மீன், கூர்ம அவதாரத்துக்கு ஆமை. மைசூரிலும் மகாராஷ்டிராவின் சாவந்த்வாடியிலும் கையால் தீட்டிய கட்டுகள் பெயர்பெற்றவை. கடல் தீம் கார்டு எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்று யாராவது சொன்னால், இதைச் சொல்லுங்கள்.

எதை வரைவது?

இங்கேதான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். கூகுளில் தேடி வரும் கோமாளி மீன், டால்பின், கடற்கன்னி. உலகத்தில் பாதி கேமில் அவைதான் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் தேசியப் பூங்கா அமைத்திருக்கிறார்கள். பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை 2022-ல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது தமிழக அரசு. இந்தியாவிலேயே அதுதான் முதலாவது. உங்கள் கட்டு அங்கே தொடங்கட்டும்.

இன்னொன்று, உயிரின் நிஜ குணத்தையே கார்டின் சக்தியாக ஆக்கினால் படம் தானாக அமையும். ஆண் கடல்குதிரைதான் வயிற்றுப் பையில் குஞ்சுகளைச் சுமக்கும்; அந்தக் கார்டு மூன்று குட்டிக் கார்டுகளை வெளியே விடலாம். கணவாய்க்கு மூன்று இதயம். மூன்று முறை அடி வாங்கட்டும். கிளிமீன் பவளப்பாறையைக் கடித்து மணலாக வெளியேற்றும். எதிராளியின் பாறைக் கார்டை மணலாக்கட்டும். கடற்பசு நாளுக்கு 30, 40 கிலோ கடற்புல் மேயும். பலம் பெரிது, ஆனால் புல் கார்டு இல்லாவிட்டால் செத்துப்போகும். கடல் அட்டை? 2001-லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அதைப் பிடிப்பது குற்றம். அதைக் கையில் எடுத்தவருக்கு ரெய்டு வரும் கார்டாக வைக்கலாம். மீனவர்களுக்கு இந்தத் தடையில் நிறைய ஆதங்கம் உண்டு என்பதால், மீனவரைக் கள்ளனாக மட்டும் வரைந்துவிடாதீர்கள், ப்ளீஸ்.

பார்த்து வரைய என்ன செய்வது? ஞாயிற்றுக்கிழமை மீன் கடைக்குப் போய் ஸ்கெட்ச் போடுவது நல்ல பயிற்சி. துடுப்பு எங்கே தொடங்குகிறது, செவுள் எப்படித் திறக்கிறது என்பதெல்லாம் அங்கே தெரியும். ஆனால் ஐஸில் கிடந்த மீனை மட்டும் பார்த்து வரைந்தால், கார்டிலும் செத்த மீன்தான் வரும். நிறம் வெளுத்திருக்கும், கண் மங்கியிருக்கும். உயிரோடு நீந்தும் வீடியோக்களைப் பார்த்து அசைவை எடுங்கள், கடையில் பார்த்து எலும்பை எடுங்கள். மற்றவர் எடுத்த போட்டோவை அப்படியே டிரேஸ் எடுக்காதீர்கள். போட்டோவுக்கும் காப்பிரைட் உண்டு.

சொந்த ஸ்டைல் என்றால் என்ன என்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். 2022-ல் பிரெஞ்சு நிறுவனம் பாம்பிக்ஸ் வெளியிட்ட 'சீ சால்ட் அண்ட் பேப்பர்' கார்டு கேம். நண்டு, ஆக்டோபஸ், படகு எல்லாமே காகிதத்தை மடித்துச் செய்த ஓரிகாமி. அவற்றைப் போட்டோ எடுத்துக் கார்டாக்கினார்கள். இப்போது 'போர்டு கேம் அரீனா' தளத்தில் ஆன்லைனிலும் விளையாடலாம். யாரும் வரையாத மீனை அவர்கள் வரையவில்லை. எல்லோருக்கும் தெரிந்த மீனைத் தங்களுக்குத் தெரிந்த கைவேலையில் செய்தார்கள்.

ஆரணிக்காரரின் கைவேலை என்ன என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? கார்டின் பார்டரைச் சேலைக்கரையாக நினையுங்கள். கோர்வை போட்ட மாதிரி கரைக்கும் உடலுக்கும் இரண்டு நிறம். மயில்கண் இருக்கும் இடத்தில் மீன்கண். முந்தானை மாதிரி கார்டின் அடிப்பகுதியில் மட்டும் அடர்த்தியான வேலை. சாதா கார்டுக்குப் பட்டு இழை, அரிய கார்டுக்கு ஜரிகை. ஒரு எச்சரிக்கை: பாரம்பரிய அன்னம், மாங்காய், யாளி எல்லோருக்கும் பொது. ஆனால் போன தீபாவளிக்கு ஒரு டிசைனர் புதிதாகப் போட்ட புட்டாவைச் சுட்டுக் கார்டில் போடக்கூடாது. ஒரு டிசைன் நன்றாக ஓடினால் நகல் எவ்வளவு சீக்கிரம் வரும் என்பதும், அது அசலைப் போட்டவரை எப்படி அடிக்கும் என்பதும் உங்கள் தெருவுக்கே தெரியும்.

வேலையைப் பிரிப்பது

மென்பொருளுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். கம்ப்யூட்டர் இருந்தால் கிரிட்டா, சின்னங்களுக்கு இங்க்ஸ்கேப், இரண்டுமே இலவசம். போனில் ஐபிஸ் பெயின்ட் போதும். படம், பார்டர், சின்னம், எண் எல்லாம் தனித்தனி லேயர், தனித்தனி ஃபைல். பார்டரை ஒருமுறை செய்தால் 40 கார்டுக்கும் ஓடும். எழுத்தைப் படத்தோடு ஒட்டிவிடாதீர்கள்; நாளைக்கு வேறு மொழியில் வெளியிட முடியாது.

தமிழ் எழுத்து பற்றி ஒரு நிஜத் தலைவலி. யூனிட்டியில் பலரும் பயன்படுத்தும் டெக்ஸ்ட்மெஷ் ப்ரோ, தமிழ் எழுத்துகளைத் தானாக ஒழுங்காகக் கோக்காது. 'கொக்கி' என்று அடித்தால் கொம்பு இடம் மாறி நிற்கும். கோடோ 4-ல் இந்தப் பிரச்னை இல்லை. ஃபான்ட் என்றால், பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த 'கட்டமரான்' கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். கடல் கேமுக்குக் கட்டுமரத்தின் பெயரிலேயே ஒரு தமிழ் எழுத்துரு. இதைவிட என்ன வேண்டும்?

ஒரு கார்டுக்கு இரண்டு நாள் என்று வைத்தாலே 40 கார்டுக்கு 80 நாள். வேலைக்கோ காலேஜுக்கோ போய்க்கொண்டு செய்தால் அரை வருடம். முதல் முறை செய்பவர்கள் 12 படத்தோடு நிறுத்திக்கொண்டு, மீதியை நிறம் மாற்றியும் எண் மாற்றியும் சமாளிப்பது நல்லது. கஞ்சிஃபாவிலும் ராஜாவையும் மந்திரியையும்தான் பார்த்துப் பார்த்து வரைவார்கள். மற்ற பத்தும் எண்ணிக்கைச் சீட்டு.

"40 கார்டு வேணும் ப்ரோ!"

நீங்களே கேம் செய்யாமல், யாரோ ஒருவருக்கு வரைந்து கொடுக்கலாம். இன்ஸ்டாவில் ஒரு மெசேஜ் வரும். 'கேம் பண்றோம், 40 கார்டு வேணும், எவ்ளோ?' சந்தோஷத்தில் ஒரு தொகையைச் சொல்லிவிட்டு வரைய உட்காருவோம். இங்கே கொஞ்சம் நில்லுங்கள்.

இந்தியக் காப்பிரைட் சட்டம், 1957 படி, நீங்களாக வரைந்த ஓவியத்துக்கு முதல் உரிமையாளர் பொதுவாக வரைந்தவர்தான்; ஆனால் ஒருவர் கேட்டு, பணத்துக்கு வரைந்த ஓவியம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை வரையச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். சம்பளத்துக்கு வேலை பார்க்கும் இடத்தில், வேலையின் பகுதியாக வரைந்தால் முதலாளிக்குப் போகும். உரிமை உங்கள் ஆயுள் முழுக்கவும், அதற்குப் பின் 60 வருடமும் இருக்கும். பதிவு செய்யாவிட்டாலும் உண்டு. செய்தால் வழக்கு என்று வரும்போது ஆதாரம். உரிமையை எழுதிக் கொடுப்பதென்றால் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். அதில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருடம் என்றும், எந்த நாடு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆகவே வாட்ஸ்அப்பில் 'ஓகே ப்ரோ' என்று தட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை: எத்தனை திருத்தம்? கேமுக்கு மட்டுமா, டி-ஷர்ட்டுக்குமா? லேயர் ஃபைலும் வேண்டுமா? கிரெடிட்டில் பெயர் வருமா? பாதிப் பணம் முன்கூட்டியே வருமா?

ஏஐ-யில் ஒரு நிமிடத்தில் 40 மீன் வந்துவிடுமே என்று கேட்பீர்கள். வரும். கொடுவாய்க்கும் வஞ்சிரத்துக்கும் ஒரே துடுப்போடு, யாருடைய ஸ்டைல் என்று தெரியாமல் வரும். ஸ்டீமில் கேமை வெளியிட்டால், ஏஐ படம் பயன்படுத்தியிருக்கிறீர்களா என்று 2024 ஜனவரியிலிருந்து கேட்கிறார்கள். பதிலை வாங்குபவரும் பார்க்கலாம். ஒருவருக்குக் கையால் வரைந்து தருவதாகச் சொல்லிவிட்டு அதைக் கொடுத்தால், அது பவர்லூம் சேலையைக் கைத்தறி என்று விற்கிற வேலைதான். உங்கள் பக்கம் ஆதாரம் வேண்டுமென்றால் முதல் கிறுக்கலிலிருந்து எல்லாவற்றையும் தேதியோடு சேமித்து வையுங்கள்.

சொந்தமாகவே வெளியிடப் போகிறீர்களா? கூகுள் ப்ளேயில் டெவலப்பர் கணக்குக்கு ஒரே ஒரு முறை 25 டாலர். ஐகான் 512-க்கு 512, முகப்புப் படம் 1024-க்கு 500 பிக்ஸல். அந்த ஐகானைக் கடைசி ராத்திரி அவசரத்துக்கு வைத்துவிடாதீர்கள். கேமைத் திறப்பதற்கு முன் எல்லோரும் பார்ப்பது அது ஒன்றைத்தான்.

முதல் கார்டுக்குத் திமிங்கிலம் வேண்டாம். நெத்திலியை எடுங்கள். உடம்பில் ஓடும் அந்த வெள்ளிக் கோடு ஜரிகை மாதிரியேதான் இருக்கும். முதலில் 240 கட்டத்துக்குள் அதைப் போட்டுப் பாருங்கள். பிறகு போனில் 200 பிக்ஸலுக்குச் சுருக்கி, ஒன்றும் சொல்லாமல் வீட்டில் யாரிடமாவது நீட்டுங்கள். "நெத்திலியா?" என்று கேட்டால், அடுத்தது சங்கு.